ஆபீஸ் காபி மெஷினில் என்ன கோளாறு? புகாரை வைத்தே கண்டுபிடிக்கலாம்

சென்னை ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கு கிளியரிங் வேலை. 28 பேருக்கு ஒரே ஒரு காபி மெஷின். என்னை வேலைக்கு எடுத்தது கணக்கு எழுத. ஆனால் காபியில் எது சரியில்லை என்றாலும் டம்ளரோடு என் மேஜைக்குத்தான் வருவார்கள். "அக்கா, இத கொஞ்சம் மோந்து பாருங்களேன்." நான்கு வருடமாக மோந்து பார்த்துக் கற்றுக்கொண்டதைப் புகார் வாரியாக எழுதுகிறேன்.

மெஷினைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் பட்டனைத்தான் சொல்வார்கள். எல்லாரும் தொடுகிற பட்டன், யார் கை எங்கே போய் வந்ததோ என்று. என் கணக்கில் பட்டன் கடைசிக் கவலை. கதவுக்கு உள்ளே இருப்பதுதான் முதல் கவலை.

எங்களுடையது பிரீமிக்ஸ் மெஷின். சின்ன ஆபீஸ்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். 20 லிட்டர் கேனிலிருந்து தண்ணீர் பாய்லருக்குப் போய்ச் சூடாகிறது. பக்கத்தில் காபி, டீ என்று தூள் டப்பாக்கள். பால் பவுடரும் சர்க்கரையும் அந்தத் தூளிலேயே கலந்திருக்கும். பட்டனை அழுத்தினால் டப்பாவுக்குள் இருக்கும் திருகு சுற்றித் தூளைத் தள்ளும். அது ஒரு சின்னக் கிண்ணத்தில் விழும். வெந்நீரும் அதே கிண்ணத்துக்கு வரும். கிண்ணத்தின் பின்னால் மோட்டார், அதன் முனையில் ஒரு குட்டி விசிறி. அது அடித்துக் கலக்கியதும் காபி ட்யூப் வழியாக நாசிலுக்கு வந்து டம்ளரில் விழும். சிந்துவது கீழே இருக்கும் டிரேயில் தேங்கும்.

ஈரம், இனிப்பு, பால், வெதுவெதுப்பு. இந்த நான்கும் ஒரே இடத்தில் கூடுவது அந்தக் கிண்ணத்திலும் ட்யூபிலும்தான். உணவு கெடுவதற்கு வசதியான சூடு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். சாயங்காலம் மெஷினை அணைத்துவிட்டுப் போனால், ராத்திரி முழுக்க அந்தக் கிண்ணம் அந்த நடுவிலேயே கிடக்கிறது.

முதலில் வெந்நீர்

எந்தப் புகார் வந்தாலும் முதல் வேலை, வெந்நீர் பட்டனை அழுத்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடிப்பது. பல மெஷின்களில் வெந்நீர் கலக்கும் கிண்ணத்துக்குள் போகாமல் நேராக வெளியே வரும். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், மோந்து பாருங்கள், கொஞ்சம் ஆறவிட்டு ஒரு வாய் குடித்தும் பாருங்கள். வெந்நீரே சரியில்லை என்றால் கோளாறு கேனில் அல்லது பாய்லரில். வெந்நீர் நன்றாக இருந்து காபி மட்டும் சரியில்லை என்றால் தூளில், கிண்ணத்தில், ட்யூபில்.

இரண்டாவது, கிளீன் அல்லது ஃபிளஷ் என்று ஒரு பட்டன் இருக்கும். சில மெஷின்களில் கதவைத் திறந்தால்தான் தெரியும். அதை அழுத்தினால் தூள் இல்லாமல் வெறும் வெந்நீர் கிண்ணம் வழியாக வரும். அதை ஒரு வெள்ளைக் கப்பில் பிடியுங்கள். இரண்டாவது முறையும் பழுப்புத் துணுக்குகள் வந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், கிண்ணத்தைக் கழற்ற வேண்டியதுதான்.

இந்த இரண்டு டம்ளரைப் பிடிக்க இரண்டு நிமிடம் ஆகாது. பாதிப் புகாருக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும்.

"காபி புளிக்குது"

திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் புகாரா, எல்லா நாளும் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். திங்கட்கிழமை மட்டும் என்றால் காரணம் ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமை சாயங்காலம் கிண்ணத்தில் ஒட்டியது ஒன்றரை நாள் ஊறிப் புளித்திருக்கும்.

எனக்கு இது தெரியவந்த விதத்தைச் சொல்கிறேன். பொறுப்பு என் தலையில் விழுந்த புதிதில், ஒரு திங்கட்கிழமை மூன்று பேர் வரிசையாக வந்து புளிக்கிறது என்றார்கள். வெந்நீர் நன்றாக இருந்தது. சரி, உள்ளே பார்த்துவிடுவோம் என்று மேனேஜரிடம் சாவி வாங்கினேன். அவர் டிராயரில் ஸ்டேப்ளர் பின்னுக்கும் பழைய ரப்பர் ஸ்டாம்புக்கும் நடுவில் தேடி எடுத்துக் கொடுத்தார். மெஷினை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்தேன். டப்பாவின் வாயை மேல்பக்கம் திருப்பிவிட்டால் தூள் கொட்டாது. ட்யூபை உருவி, கிண்ணத்தின் பூட்டு வளையத்தைத் திருகினால் கிண்ணம் கையோடு வந்துவிடும். கால் நிமிட வேலை.

கிண்ணத்தின் விளிம்பில் திரட்டுப்பால் மாதிரி ஒரு பழுப்புக் கட்டி, நகத்தால் சுரண்டினால்தான் வந்தது. அது பரவாயில்லை. விசிறியை இழுத்து எடுத்தபோது அதன் பின்னால் இருந்த ரப்பர் சீலைச் சுற்றி வழவழவென்று ஒரு சாம்பல் நிறப் படலம், விரலில் ஒட்டிக்கொண்டு நூல் மாதிரி நீண்டது. வாசனை, மறந்துபோய் மூன்று நாள் பைக்குள் விட்ட டிபன் பாக்ஸைத் திறந்தது போல. நான் அன்று காபி குடிக்கவில்லை. அந்த வாரமே குடிக்கவில்லை.

ஆபீஸைச் சுத்தம் செய்யும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கோபமாகத்தான் கூப்பிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

"ஏங்க்கா, இத கழுவுறதே இல்லையா?"

"எனக்கு எப்டிம்மா தெரியும்? தொறக்காத, கரண்ட் அடிக்கும்னு வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க. சாவியும் சார் டிராயர்ல. நான் வெளிய தொடைக்கிறேன், அந்தத் தட்ட கவுக்குறேன், அவ்ளோதான்."

மெஷின் வாடகைக்குக் கொடுத்தவர்களுக்கு போன் போட்டால், மாதம் ஒரு சர்வீஸ் அவர்களுடையது, தினசரி சுத்தம் எங்களுடையது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றார்கள். எடுத்துப் பார்த்தேன், இருந்தது. மேனேஜர் அக்கா செய்கிறார் என்று நினைத்திருந்தார், அக்கா சர்வீஸ் பையன் செய்கிறான் என்று நினைத்திருந்தார், பையன் நாங்கள் செய்கிறோம் என்று நினைத்திருந்தான். கிருமி மட்டும் யாரையும் எதிர்பார்க்காமல் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. ஒரு மெஷின் அழுக்காக இருந்தால் நான் இப்போது முதலில் கேட்பது சாவி எங்கே இருக்கிறது என்றுதான்.

இப்போது நாங்கள் செய்வது இது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் காபி கிடையாது. மூன்று முறை ஃபிளஷ் அடித்து, ப்ளக்கைப் பிடுங்கி, கிண்ணம், மூடி, விசிறி, ட்யூப், நாசில் எல்லாவற்றையும் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுகிறோம். ட்யூபுக்குக் குழந்தைகளின் பால் பாட்டில் நிப்பிளுக்கு வரும் குட்டி பிரஷ் சரியாக இருக்கும். நல்ல தண்ணீரில் அலசி, ஒரு தட்டில் கவிழ்த்து ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். காயவிடுவதுதான் முக்கியம். கழுவி ஈரத்தோடு மாட்டினால் பாதி வேலைதான் செய்ததாக அர்த்தம். காலையில் மாட்டி, ஒரு ஃபிளஷ் அடித்துக் கீழே கொட்டிவிட்டு, பிறகு முதல் காபி. கிண்ணம், விசிறி, ட்யூபில் இன்னொரு செட் வாங்கி வைத்துவிட்டால் காயாத நாளில் பதற வேண்டாம். ட்யூப் மஞ்சளடித்துவிட்டால் கழுவிப் பிரயோஜனமில்லை, மாற்றிவிடுங்கள். விசிறிக்குப் பின்னால் இருக்கும் சீல் தேய்ந்தால் காபி மோட்டார் பக்கம் கசியும். அங்கே நம் பிரஷ் எட்டாது. சர்வீஸ் பையனிடம் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், சும்மா "செக் பண்ணுப்பா" என்றால் வெளியே தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

புளிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. சர்வீஸ் நடந்த மறுநாள் மட்டும் புளித்தால், அது பாய்லரில் உப்புப் படிவம் எடுக்கப் போட்ட சிட்ரிக் ஆசிட் சரியாக அலசப்படாததால். இந்தப் புளிப்பு வெந்நீரிலேயே தெரியும், எலுமிச்சை மாதிரி. புளிப்பு போகும்வரை வெந்நீர் பிடித்துக் கொட்டுங்கள்.

பிரீமிக்ஸ் இல்லாமல் பாக்கெட் பால் காய்ச்சி ஊற்றும் மெஷின் என்றால் விஷயம் இன்னும் கறார். பால் ஒன்று 5 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அல்லது 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். காலையில் காய்ச்சிய பாலை மெஷினில் ஊற்றி, மதியம் மிச்சத்தின் மேலேயே புதுப் பாலை ஊற்றுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இட்லி மாவு புளிக்கப் பழைய மாவு கொஞ்சம் சேர்ப்போமே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. பால் போகும் குழாயில் முதலில் கொழுப்பும் புரதமும் படியும், அதன் மேல் கால்சியம் சேர்ந்து கல் மாதிரி இறுகும். கொழுப்புக்குக் காரமான கிளீனர், கல்லுக்கு அமிலமான கிளீனர். முதலில் காரம், நன்றாக அலசல், அப்புறம் அமிலம், மறுபடி அலசல். எந்தக் காரணம் கொண்டும் பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வருவது குளோரின் வாயு, சின்ன பேன்ட்ரியில் மூச்சுத் திணறிவிடும்.

"கட்டி கட்டியா வருது"

ராயபுரத்தில் தூள் உப்பே டப்பாவில் இறுகிவிடும். சர்க்கரையும் பால் பவுடரும் கலந்த பிரீமிக்ஸ் என்ன செய்யும்? கடல் காற்றின் ஈரம் ஒரு பக்கம். கிண்ணத்திலிருந்து எழும் ஆவி டப்பாவின் வாய்க்கே போய்த் தூளை நனைப்பது இன்னொரு பக்கம். அந்த ஆவியை இழுத்து வெளியே தள்ள மெஷினுக்குள் ஒரு சின்ன ஃபேன் இருக்கும். அதில் தூள் அடைத்துக்கொண்டால் ஆவி உள்ளேயே சுற்றும். கட்டி வந்தால் முதலில் அந்த ஃபேனையும் அதன் வழியையும் பாருங்கள், அப்புறம் டப்பாவின் வாய்க்குழலைக் கழற்றிச் சுரண்டிக் காயவையுங்கள்.

டப்பாவைக் கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அடியில் பசையாகிவிடும். பழைய தூளின் மேல் புதுத் தூளைக் கொட்டிக்கொண்டே போவதும் வேண்டாம். அடியில் இருப்பது போன தீபாவளித் தூளாக இருக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை டப்பா காலியாகும்படி கொஞ்சமாகப் போடுங்கள். திறந்த பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு வைக்காமல் இறுக்கமான டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

கட்டியின் நிறம் மாறியிருந்தாலோ பூஞ்சை வாசனை வந்தாலோ சலித்துப் பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள். எங்கள் ஆபீஸில் ஒருவர் கேட்டார்.

"மேல வெள்ளையா ஏதோ மிதக்குது"

செதில் செதிலாக, வெந்நீரிலும் தெரிந்தால், அது பாய்லரில் படிந்த சுண்ணாம்பு உதிர்வது. குடித்தால் விஷமில்லை. ஆனால் அந்தச் சொரசொரப்பு கிருமிக்குத் தங்க இடம் தரும், பாய்லரின் சூட்டையும் கெடுக்கும்.

இங்கே ஒரு சின்னத் துப்பறியும் வேலை இருக்கிறது. ஆர்.ஓ. செய்த கேன் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதை மட்டுமே ஊற்றினால் செதில் அவ்வளவு சீக்கிரம் வரக் கூடாது. எங்களுக்கு சர்வீஸ் முடிந்து இருபதே நாளில் வந்தது. என்னிடம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் உண்டு, பேனா மாதிரி இருக்கும், விலை சில நூறு ரூபாய்தான். புதுக் கேனில் 60 காட்டியது. மெஷின் மேல் இருந்த கேனில் 1,140. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் 500 வரை ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை என்று இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 1,140 குடிக்கவே முடியாத தண்ணீர் என்று சொல்ல முடியாது. ஆனால் அது கேன் தண்ணீர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

விசாரித்தால், கேன் போடும் அண்ணன் வராத நாட்களில் எங்கள் ஆபீஸ் தம்பி மாடிக் குழாயில் பிடித்து ஊற்றியிருக்கிறான். மாடித் தொட்டியில் இருப்பது போர் தண்ணீர். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் போர் போட்டால் அது எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நீங்கதான அக்கா காபி இல்லன்னா சத்தம் போடுவீங்க" என்றான். உண்மைதான். அன்றிலிருந்து ஒரு கேன் எப்போதும் கூடுதலாக இருக்கிறது.

செதில் எடுக்கும் வேலையை சர்வீஸ்காரரிடமே விடுங்கள். எந்த பாய்லருக்கு எந்த மருந்து, எவ்வளவு நேரம் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது அலசலை மட்டும்.

கேன் மாற்றுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மாடி தோளில் தூக்கி வருகிறார் அந்த அண்ணன். வரும் வழியில் கேன் லாரித் தூசியில் நிற்கிறது, படிக்கட்டில் உட்கார்கிறது, தோளில் வியர்வையைத் துடைக்கிறது. மேலே வந்ததும் சீலைக் கிழித்து அப்படியே தலைகீழாகக் கவிழ்ப்பார். கேனின் கழுத்து முழுக்கத் தண்ணீருக்குள் போகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். கவிழ்ப்பதற்கு முன் சீலின் மேலேயும் கழுத்தைச் சுற்றியும் சுத்தமான, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் டிஷ்யூவில் நன்றாகத் துடைக்க வேண்டும். எங்கள் கேன் ஸ்டாண்டிலேயே ஒரு டிஷ்யூ டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். சீல் உடையாமல் இருக்கிறதா, அடைத்த தேதி படிக்கும்படி இருக்கிறதா, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். தேதி அழிந்த கேனைத் திருப்பி அனுப்பினால் முதல் இரண்டு முறை முறைப்பார்கள், மூன்றாவது முறை நல்ல கேனாக வரும்.

"கேன்ல பாசி மாதிரி இருக்கு"

பாசியேதான். வெயில் படும் ஜன்னலோரம் கேன் நின்றால் பச்சை படரும். கேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, தண்ணீர் தேங்கும் அடித்தொட்டியைக் கழுவி, மெஷினை நிழலுக்கு மாற்றுங்கள்.

"கிட்ட போனாலே நாத்தம்"

எங்கள் ஊரில் இதற்கு ஒரு முன்சோதனை உண்டு. ஜன்னலைச் சாத்துங்கள். காற்று காசிமேடு மீன்பிடித் துறைமுகப் பக்கமிருந்து வீசினால் அது மெஷினின் குற்றமில்லை.

ஜன்னலைச் சாத்தியும் நாற்றம் இருந்தால் சிந்தும் டிரேதான். 2015இல் ஸ்பெயினில் வலென்சியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சின்னக் குப்பியில் அடைத்த காபித்தூளைப் போட்டு எடுக்கும் கேப்ஸ்யூல் காபி மெஷின்களின் சிந்தும் டிரேக்களை ஆராய்ந்தார்கள். காபியில் இருக்கும் கஃபீன் கிருமிகளை அடக்கும் என்று நாம் நினைக்கலாம். அவர்கள் பார்த்த டிரேக்களில் பாக்டீரியா கூட்டம் கூட்டமாக இருந்தது, சூடோமோனாஸ், என்டரோகாக்கஸ் வகைகள் முக்கியமாக. அதில் பாலும் சர்க்கரையும் கிடையாது, வெறும் காபிக் கழிவு. நம் டிரேயில் பால் பவுடரும் சர்க்கரையும் சேர்ந்து தேங்குகிறது.

டிரேயைத் தினம் இரண்டு முறை கொட்டிக் கழுவுங்கள். கொட்டுவது மட்டும் போதாது, மேலே இருக்கும் ஜாலியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அங்கேதான் பசை இருக்கும். டிரேக்கும் நாசிலுக்கும் நடுவில் அரையடிதான் தூரம்; டிரேயிலிருந்து தெறிப்பது நாசில் நுனிக்கே போகும். டம்ளரை நாசிலில் முட்டிப் பிடிப்பவர்களும் உண்டு. வாய் வைத்துக் குடித்த டம்ளரையே இரண்டாவது ரவுண்டுக்கு அப்படி முட்டுவார்கள். அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தேன். கடைசியில் உயரமான கப்புகளை எடுத்துவிட்டுச் சின்ன டம்ளர்களை மட்டும் வைத்தேன். நின்றுவிட்டது.

அப்புறம் அந்தத் துணி. எல்லா பேன்ட்ரியிலும் ஒன்று இருக்கும். ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்கும். அதே துணியில் டிரேயைத் துடைத்து, மேஜையைத் துடைத்து, போகிறபோக்கில் நாசிலையும் ஒரு துடைப்பு. மெஷினுக்குள் இல்லாத கிருமியையும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை அது. நாசிலுக்கு டிஷ்யூ மட்டும்தான். டம்ளர் கழுவும் ஸ்பாஞ்சும் இதே கதை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்புக்கும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் தடை வந்ததால் நாங்கள் எவர்சில்வர் டம்ளருக்கு மாறினோம். நல்லதுதான். ஆனால் 28 டம்ளரையும் ஒரே நனைந்த ஸ்பாஞ்ச் தேய்த்தால் என்ன மிச்சம்? ஸ்பாஞ்சை வாராவாரம் மாற்றுங்கள், தினமும் பிழிந்து காற்றில் வையுங்கள், சிங்க்கில் நனைய விடாதீர்கள். முடிந்தால் ஆளுக்கொரு டம்ளர், அவரவர் கழுவட்டும்.

"கரப்பான் பாத்தேன்"

யாராவது ஒன்று பார்த்தேன் என்றால் உள்ளே ஒன்று மட்டும் இருக்காது. பாய்லரின் கதகதப்பு, சர்க்கரை, இருட்டு, ஈரம். அதற்கு இதைவிட நல்ல வீடு அமையாது. ஸ்பிரே அடிக்காதீர்கள். மெஷினுக்குள் அடித்த மருந்து தூளிலும் கிண்ணத்திலும்தான் போய் உட்காரும். எல்லா டப்பாத் தூளையும் கொட்டிவிடுங்கள், எவ்வளவு விலையானாலும். கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, சர்வீஸ்காரரை வரவழைத்து மின்சாரப் பலகைப் பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஜெல் மருந்தை மெஷினுக்கு வெளியே, மேஜைக்கு அடியில், சுவர் இடுக்கில் பொட்டு பொட்டாக வையுங்கள். மெஷினைச் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வைத்தால் பின்பக்கம் பெருக்க முடியும். எறும்பு என்றால் இவ்வளவு வேண்டாம். சிந்திய தூளைத் துடைத்தாலே போய்விடும்.

"சூடே இல்ல"

இது சுவை பற்றிய புகார் மட்டுமில்லை. ஒரு சமையல் தெர்மாமீட்டரை டம்ளரில் விடுங்கள். எங்கள் மெஷின் நன்றாக இருக்கும் நாளில் 78 காட்டும். 60க்குக் கீழே போனால் அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட வேண்டும், வெதுவெதுப்பான காபி பரவாயில்லை என்று ஓட்டக் கூடாது. வழக்கமான காரணம் பாய்லர் படிவம் அல்லது சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். காலையில் மெஷின் போட்டவுடனே முதல் ஆள் அவசரப்பட்டு எடுப்பதும் ஒரு காரணம்.

"நாலு நாள் பூட்டிக் கிடந்துச்சு, இப்ப குடிக்கலாமா?"

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நாங்கள் ஐந்தாம் நாள்தான் ஆபீஸைத் திறந்தோம். அதுவரை கரண்ட் இல்லை. புயலுக்கு முந்தைய சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு ஓடிய அவசரத்தில் கிண்ணத்தைக் கழற்றவில்லை. திறந்தபோது கிண்ணத்துக்குள் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை, பூனை முடி மாதிரி. கிண்ணம், ட்யூப், சீல் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டோம். கேன் தண்ணீர், பாய்லர் தண்ணீர், டப்பாத் தூள், ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. பொங்கல், தீபாவளி லீவுக்கு முன்பே டப்பாவைக் காலி செய்து, எல்லாம் காயவைத்து, பாய்லரை வடித்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போனால் இந்தக் காட்சியைப் பார்க்க வேண்டியிருக்காது.

"காபி குடிச்சதுலருந்து வயிறு சரியில்ல"

ஒருவர் மட்டும் சொன்னால் உடனே மெஷின்மேல் பழி போடாதீர்கள். ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவராகக்கூட இருக்கலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று பேர் சொன்னால் மெஷினை அணைத்து, அணைத்ததை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பால் பவுடரில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வெந்நீர்ச் சூட்டுக்குச் சாகாது; ஈரமான வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். சிலருக்குச் சில மணி நேரத்திலேயே வாந்தி வரும், சிலருக்கு அரை நாள் கழித்து வயிற்றுப்போக்கு. அதனால் யார் எத்தனை மணிக்குக் குடித்தார்கள், எப்போது ஆரம்பித்தது என்று எழுதி வையுங்கள், டாக்டருக்கு அது உதவும். தூளைக் கொட்டுவதற்கு முன் கொஞ்சம் எடுத்துப் பையில் கட்டி வையுங்கள். காய்ச்சல், ரத்தம், நிற்காத வாந்தி என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

"பட்டன் பிசுபிசுன்னு இருக்கு"

பிசுபிசுப்பு சர்க்கரை. காலை, மதியம் துடையுங்கள், குடிப்பதற்கு முன் கை கழுவுங்கள். ஊரில் சளிக் காய்ச்சல் பரவும் வாரங்களில் இன்னும் ஒருமுறை. வேறொன்றும் இல்லை.

"எல்லாம் சரி, ஆனா எனக்கு மெஷின் காபி வேணாம்"

எங்கள் சீனியர் ஒருவர் இப்படி. இவ்வளவும் செய்த பிறகு, மேனேஜர் டிராயரிலிருந்த சாவி காலண்டர் ஆணிக்கு வந்த பிறகு, அக்கா தினமும் கழற்றிக் கழுவுவதைக் கண்ணால் பார்த்த பிறகும், "எத்தன பேர் தொடுறாங்கம்மா அத" என்பார். பதினொரு மணிக்குக் கீழே இறங்கித் தெருமுனைக் கடையில் டீ குடிப்பார். அங்கே எல்லார் கிளாஸும் ஒரே பக்கெட் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்ததுதான். இந்தக் கோளாறுக்கு என்னிடம் வழி இல்லை. போகும்போது எனக்கு இரண்டு பட்டர் பிஸ்கட் வாங்கி வரச் சொல்வேன், அவ்வளவுதான்.